கூடாரத்துக்கு வரும் பணம் யாருக்கு?

ஆப்பிரிக்கக் காட்டுவெளியில் துணியால் ஆன கூடாரம் ஒன்றில் ஓர் இரவு தங்குவதற்கு, ஆளொருவருக்கு ஆயிரம் அமெரிக்க டாலருக்கும் மேல் கட்டணம் பெறும் முகாம்கள் பல உள்ளன. நம் பணத்தில் அது 80 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. தார்ச்சாலையும் மின்கம்பியும் எட்டாத இடத்தில், செங்கல் சுவர்கூட இல்லாத ஓர் அறைக்கு இந்த விலை எப்படி வந்தது? அந்தப் பணம் யார் யார் கைக்குப் போகிறது? அந்த நிலத்தில் தலைமுறைகளாக மாடு மேய்த்தவர்களுக்கு அதில் பங்கு உண்டா?

இந்தக் கேள்விகளுக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசகர் கேட்கலாம். தொடர்பு உண்டு. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரைகளை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, நாட்டின் முதல் கடற்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம் வரையிலான கரையை ஒட்டி அது அமைந்திருக்கிறது. எங்கே ஓர் அரிய உயிரினத்துக்குப் பாதுகாப்பு அறிவிக்கப்படுகிறதோ, அங்கே சில ஆண்டுகளில் 'சூழல் சுற்றுலா' என்னும் சொல்லும் வந்து சேர்வது உலக வழக்கம். நம் கரைக்கும் அது வரும். வருவதற்கு முன்பே, இந்தத் தொழிலை நூறாண்டுக்கும் மேலாக நடத்திவரும் ஆப்பிரிக்காவின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

சொல்லும் தொழிலும்

'சஃபாரி' என்பது சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்று பொருள். அரபு மொழியின் 'சஃபர்' என்ற வேரிலிருந்து அது பிறந்தது. அதே வேர் தமிழிலும் உண்டு. கடல் கடந்து பொருளீட்டப் போனவர்களைத் தமிழ் முஸ்லிம்கள் 'சபுராளி' என்று அழைப்பார்கள். பிழைப்புக்காகப் போகும் பயணத்துக்கு நாம் வைத்திருந்த சொல்லின் உடன்பிறப்பு, அங்கே பொழுதுபோக்குப் பயணத்துக்குப் பெயராயிற்று.

தொடக்கத்தில் அந்தப் பொழுதுபோக்கு வேட்டைதான். அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் பதவியை விட்டிறங்கிய 1909ஆம் ஆண்டிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டார். அந்தப் பயணத்தில் அவரும் அவர் மகனும் மட்டும் சுட்ட விலங்குகள் 512. கூடாரம், குளியல் தொட்டி, நூல்கள், உணவு அனைத்தையும் உள்ளூர் ஆட்கள் தலைச்சுமையாகச் சுமந்தார்கள். இன்றைய ஆடம்பர முகாம்கள் விற்பது பெரும்பாலும் அந்தக் காலத்தின் தோற்றத்தைத்தான்: காக்கித் துணி, பித்தளை விளக்கு, தோல் பெட்டி, வெள்ளைத் துணி விரித்த மேசை.

கென்யா 1977இல் பொழுதுபோக்கு வேட்டையைத் தடை செய்தது. துப்பாக்கியின் இடத்துக்குப் புகைப்படக் கருவி வந்தது. பொருளியல் நோக்கில் இந்த மாற்றம் பெரிது. சுட்ட சிங்கம் ஒருமுறைதான் வருவாய் தரும். உயிரோடு உலவும் சிங்கம் நாள்தோறும் தரும். ஆனால் உயிரோடு உலவும் சிங்கம் மாட்டையும் அடிக்கும். வருவாய் ஒருவருக்கும் இழப்பு இன்னொருவருக்கும் போனால் அந்தச் சிங்கம் நெடுநாள் உயிரோடு இருக்காது. காட்டுயிர்ப் பொருளாதாரத்தின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

கூடாரத்தின் உள்ளே

என் மகள் நைரோபியில் பணிபுரிந்த காலத்தில், மாசாய் மாரா காப்பகத்தை ஒட்டிய பகுதியில் இப்படிப்பட்ட முகாம் ஒன்றில் மூன்று இரவுகள் தங்கினேன். செலவு அவளுடையது. முகாமில் பத்துக் கூடாரங்கள் மட்டுமே இருந்தன. மரத்தளத்தின் மேல் தடித்த கித்தான் துணி. உள்ளே கட்டில், எழுதும் மேசை, பின்புறத்தில் குளியலறை. மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. குளிப்பதற்கு வெந்நீரை வாளியில் கொண்டுவந்து வெளியே கயிற்றில் ஏற்றிவைப்பார்கள். உள்ளே சங்கிலியை இழுத்தால் பூவாளியில் நீர் கொட்டும். விடியுமுன் தேநீர் கொண்டுவந்து கூடாரத்துக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார்கள்.

முகாமைச் சுற்றி வேலி கிடையாது. ஆகவே இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து உணவுக்கூடத்துக்குத் தனியாக நடக்க அனுமதி இல்லை. ஈட்டியும் கைவிளக்கும் ஏந்திய மாசாய் காவலர் ஒருவர் உடன் வருவார். படுத்திருக்கும்போது நீர்யானையின் உறுமலும் கழுதைப்புலியின் ஊளையும் துணிக்கு அப்பால் கேட்கும். புதுக்கோட்டைக் கிராமத்து இரவுகளில் நரி ஊளையிடக் கேட்டு வளர்ந்த எனக்கும் முதல் இரவு உறக்கம் பிடிக்கவில்லை என்பது உண்மை.

எனக்கு வாய்த்த வழிகாட்டி முப்பது வயது மாசாய் இளைஞர். நாங்கள் வண்டியில் சுற்றிய நிலத்தின் ஒரு துண்டு அவருடைய தந்தையின் பெயரில் பட்டா ஆனது. அதற்கான குத்தகைப் பணம் மாதந்தோறும் வங்கிக்கு வருகிறது என்றார். தம்பி, தங்கையின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான். கூடவே மற்றொன்றும் சொன்னார். மழை பொய்த்த ஆண்டில், சொந்த நிலத்துக்குள் சொந்த மாட்டை ஓட்டிச்செல்ல அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்தே நாம் எடைபோட வேண்டும்.

விலை எங்கிருந்து வருகிறது?

துணிக்கும் கட்டிலுக்கும் அந்த விலை இல்லை. முகாம் விற்பது தனிமையை. ஒரு சிங்கத்தைச் சுற்றி முப்பது வண்டிகள் நிற்பதும் இரண்டு வண்டிகள் நிற்பதும் ஒரே பண்டம் அல்ல. பிறருக்குக் கிடைக்காமல் இருப்பதாலேயே மதிப்புப் பெறும் இத்தகைய பண்டங்களைப் பொருளியலறிஞர் ஃபிரெட் ஹிர்ஷ் 1976இல் எழுதிய நூலில் 'நிலைசார் பண்டங்கள்' என்று வகைப்படுத்தினார். அவற்றின் அளவைப் பெருக்கினால் மதிப்பு கரைந்துவிடும். எனவே நூறு பேரிடம் தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்குவதைவிட, ஒருவரிடம் லட்சம் ரூபாய் வாங்குவதே இங்கே கணக்குக்கு ஒத்துவருகிறது.

போட்ஸ்வானா இதை அரசின் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது. 1990இல் வகுத்த சுற்றுலாக் கொள்கையில் குறைந்த எண்ணிக்கை, உயர்ந்த மதிப்பு என்ற வழியை அது தேர்ந்தெடுத்தது. ஒக்கவாங்கோ ஆற்றுச் சமவெளியில் பெரும் நிலப்பகுதிகளைக் குத்தகைக்கு விட்டு, ஒவ்வொன்றிலும் சில படுக்கைகளுக்கு மட்டுமே இசைவு அளிக்கிறார்கள். அந்தச் சமவெளி 2014இல் யுனெஸ்கோவின் ஆயிரமாவது உலக மரபிடமாகப் பட்டியலில் சேர்ந்தது. மாசாய் மாரா காப்பகத்தை நடத்தும் நாரோக் மாவட்ட நிர்வாகமும் 2024 முதல் வெளிநாட்டவரின் நுழைவுக் கட்டணத்தை, விலங்குகள் பெருந்திரளாக இடம்பெயரும் பருவத்தை உள்ளடக்கிய ஜூலை முதல் டிசம்பர் வரை, நாளொன்றுக்கு 200 டாலராக உயர்த்தியது.

தாங்குதிறனை மீறாமல் வருவாயைக் கூட்டுவதற்கு இது நல்ல வழிதான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த நாட்டுக் குடிமகனே தன் நாட்டின் யானையைப் பார்க்க முடியாத நிலை வரலாம். கென்யா தன் குடிமக்களுக்குத் தனியே குறைந்த கட்டணம் வைத்திருப்பது இதை உணர்ந்துதான்.

கசிவு

சுற்றுலாப் பொருளியலில் 'கசிவு' என்றொரு கருத்து உண்டு. பயணி செலவிடும் பணத்தில், அவர் சென்ற நாட்டிலோ ஊரிலோ தங்காமல் வெளியேறிவிடும் பகுதி அது. ஆடம்பர முகாமுக்குக் கொடுக்கப்படும் பணத்தை அடியொற்றிப் பார்ப்போம். பயணத்தை ஏற்பாடு செய்யும் முகவர் அமர்ந்திருப்பது லண்டனிலோ நியூயார்க்கிலோ. அவருடைய தரகு அங்கேயே நின்றுவிடும். பெரிய விமானம் வெளிநாட்டு நிறுவனத்துடையது. முகாமின் உரிமையாளர் வேறு நாட்டில் பதிவு செய்த நிறுவனமாக இருக்கலாம். மது, வண்டி, சூரியத் தகடு, குளிர்பதனப் பெட்டி ஆகியவை இறக்குமதி. மேலாளரும் தலைமைச் சமையற்காரரும் வெளியூர்க்காரர்களாக இருப்பதும் உண்டு.

உள்ளூரில் நிற்கும் பணம் நான்கு வாய்க்கால்களில் வருகிறது. ஒன்று கூலி. இரண்டு, அரசுக்குச் செல்லும் நுழைவுக் கட்டணம். மூன்று, உள்ளூரில் வாங்கும் காய்கறி, பால், கைவினைப் பொருள். நான்கு, நிலத்துக்கான குத்தகை. கூலி வாய்க்காலின் அகலம் உள்ளூர் மக்கள் எந்த வேலையில் அமர்த்தப்படுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பெருக்குவதற்கும் சுமப்பதற்கும் மட்டும் அமர்த்தினால் அது ஓடையாகவே இருக்கும். கென்யாவில் சஃபாரி வழிகாட்டிகளின் தொழிற்சங்கம் 1996இல் தொடங்கி, வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் தேர்வு நடத்தித் தகுதி வழங்குகிறது. மேய்ச்சல்காரரின் மகன் தேர்வெழுதி உயர் ஊதியத்துக்குப் போக அது ஒரு படிக்கட்டு.

நான்காவது வாய்க்காலான குத்தகைதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. காரணம், அது கருணையால் வருவதில்லை, உரிமையால் வருகிறது.

உரிமை இருந்த இடமும் இல்லாத இடமும்

மாசாய் மாரா காப்பகத்துக்கு வடக்கே இருந்த மேய்ச்சல் நிலம் முன்பு கூட்டுப் பண்ணையாக இருந்தது. பிறகு அது தனித்தனிக் குடும்பங்களுக்குப் பிரித்துப் பட்டா வழங்கப்பட்டது. வேலிபோட்டுத் துண்டாடப்பட்டால் காட்டுயிர்கள் நடமாட முடியாது. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் நில உடைமையாளர்கள் தங்கள் துண்டுகளைச் சேர்த்துக் காப்புநிலங்களாக அமைத்து, முகாம் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று பணம் தர வேண்டும் என்பதே உடன்படிக்கையின் சாரம். சில நூறு ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்ற உச்சவரம்பும் உண்டு. கென்யாவின் 2013ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டம் இந்தக் காப்புநிலங்களுக்குச் சட்ட ஏற்பு அளித்தது.

நமீபியா வேறொரு வழியில் சென்றது. அங்கே பொதுநிலம் அரசுடையது. ஆனால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம், அந்நிலத்தில் வாழும் சமூகங்கள் பதிவு செய்துகொண்டால் காட்டுயிர், சுற்றுலா வருவாய் மீது அவர்களுக்கு உரிமை அளித்தது. 1998இல் நான்கு சமூகக் காப்புநிலங்கள் பதிவாயின. இன்று அவை 80க்கும் மேல். நிலத்தின் உடைமை இல்லாமலேயே வருவாயின் மீது உரிமை தர முடியும் என்பதற்கு நமீபியா சான்று. ருவாண்டா பூங்கா வருவாயில் 5 விழுக்காட்டைச் சுற்றுவட்டார மக்களுக்கென 2005இல் ஒதுக்கியது. 2017இல் கொரில்லா காண்பதற்கான அனுமதிக் கட்டணத்தை 1,500 டலராக உயர்த்தியபோது அந்தப் பங்கையும் 10 விழுக்காடாக்கியது.

மறுபக்கமும் உண்டு. தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து மாசாய் மக்கள் 1959இல் இங்கோரங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். 2022 ஜூனில் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டர் நிலத்தைக் காப்பகமாக்க எல்லைக்கல் நட்டபோது, மீண்டும் மேய்ச்சல் மக்களுக்கும் காவல் துறையினருக்கும் மோதல் மூண்டது. உரிமை எழுத்தில் இல்லாதவர்களுக்குக் காட்டுயிர் என்பது வெளியேற்றத்தின் இன்னொரு பெயராகிவிடுகிறது.

உரிமை எழுத்தில் இருந்த இடங்களிலும் குறைகள் இல்லாமல் இல்லை. மாராவில் பட்டாக்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருப்பதால் குத்தகைப் பணமும் ஆண்களின் கணக்குக்கே போகிறது. பால் விற்று வாழ்ந்த பெண்கள் மேய்ச்சல் கட்டுப்பாட்டின் சுமையை மட்டும் ஏற்றார்கள். 2020இல் கொள்ளைநோய் வந்து விமானங்கள் நின்றதும் முகாம்கள் வெறிச்சோடின. குத்தகைத் தொகை பல இடங்களில் குறைக்கப்பட்டது. ஒரே வருவாயை நம்பிய பொருளாதாரத்தின் நலிவு அப்போது வெளிப்பட்டது. மாட்டையும் விட்டுவிடாமல் வைத்திருந்த குடும்பங்களே தாக்குப்பிடித்தன.

மசினகுடி சொல்வது

தமிழ்நாட்டில் இந்தப் பாடம் ஏற்கெனவே ஒருமுறை நடத்தப்பட்டுவிட்டது. முதுமலைக்கும் நீலகிரியின் வடசரிவுக்கும் இடையே உள்ள சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வழித்தடம். அங்கே மசினகுடியைச் சுற்றிலும் தனியார் நிலங்களில் தங்குவிடுதிகள் பெருகின. மின்வேலிகள் முளைத்தன. ஆப்பிரிக்க முகாமின் வெளித்தோற்றத்தை எடுத்துக்கொண்டு, அதன் உயிர்நாடியான எண்ணிக்கை வரம்பை விட்டுவிட்டோம்.

தமிழக அரசு 2010 ஆகஸ்டில் வழித்தடத்தை அறிவித்து ஆணையிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஏப்ரலில் அதை உறுதி செய்தது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி விடுதிகள் பல மூடி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று கூறி, தனிப்பட்ட ஆட்சேபங்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவை அமைத்தது. சில மாதங்கள் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் எரியும் பொருள் வீசப்பட்டுக் காயமுற்ற யானை ஒன்று இறந்தது. தனியார் தங்குவிடுதி ஒன்றோடு தொடர்புடையவர்கள் கைதானார்கள்.

இந்தப் பத்தாண்டு வழக்கின் பொருளியல் சாரம் எளியது. ஒவ்வொரு விடுதியும் தன் வருவாயைத் தானே எடுத்துக்கொண்டது. வழித்தடம் அடைபட்டதால் வந்த கேட்டை யானையும், யானை திசைமாறி நுழைந்த ஊர்களின் உழவர்களும் ஏற்றார்கள். ஒருவர் செயலின் சுமை அதில் தொடர்பில்லாத பிறர் மேல் விழுவதைப் பொருளியலார் புறவிளைவு என்பர். அதைத் தொடக்கத்திலேயே விதியால் கட்டியிருந்தால், முதலீடு செய்தவர்களுக்கும் இழப்பு நேர்ந்திருக்காது. நீதிமன்றம் வந்து பூட்டுப்போடும் வரை காத்திருப்பது எல்லாருக்கும் செலவு மிகுந்த வழி.

நம் கரைக்கு வருவோம்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர்தான். கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் விசைப்படகுகள், சிற்றூர்கள் தோறும் நாட்டுப்படகுகள். கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மீதி நாள்களில், எல்லை தாண்டியதாகக் கூறி இலங்கைக் கடற்படை கைது செய்துவிடுமோ என்ற அச்சம். ஏற்கெனவே இவ்வளவு இடுக்கிகளுக்கு நடுவே பிழைக்கும் மக்களின் கடலில்தான் பாதுகாப்பகம் வந்திருக்கிறது. அறிவிப்பின்போது, உள்ளூர் மக்கள் மீது புதிய கட்டுப்பாடு எதுவும் விதிக்கப்படாது என்று அரசு கூறியது. அந்த உறுதி காக்கப்பட வேண்டும்.

மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, கடற்புல் மேயும் பாலூட்டி. நாளொன்றுக்கு 40 கிலோ வரை புல் தின்னும். ஓர் ஈற்றுக்கு ஒரு கன்று, அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டு இடைவெளி. ஆகவே ஆண்டுக்குச் சில பெண் விலங்குகள் வலையில் சிக்கி மூச்சுத் திணறி இறந்தாலும் இனம் தேய்ந்துவிடும். இந்தியக் கடல்களில் எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இடம்பெற்றிருக்கிறது.

இங்கே ஆப்பிரிக்க முன்மாதிரி அப்படியே பொருந்தாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, சிங்கமும் யானையும் வெட்டவெளியில் கண்ணுக்குத் தெரியும். கடற்பசு கூச்சமுள்ள விலங்கு. பாக் விரிகுடாவின் கலங்கல் நீரில், மூச்சுவிட மூக்கை மட்டும் நீட்டி மறைந்துவிடும். அதைக் காட்டுவதாகச் சொல்லி விற்கும் படகுப் பயணம் ஒன்று ஏமாற்றமாக முடியும், இல்லையேல் விலங்கைத் துரத்துவதாக முடியும். படகின் சுழலிதான் அதற்கு வலைக்கு அடுத்த எமன். தெளிந்த நீருள்ள எகிப்தின் செங்கடல் கரையில், ஒற்றைக் கடற்பசுவைச் சுற்றி நீச்சல்காரர்கள் மொய்ப்பது பெரும் தொல்லையாகியிருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஓங்கில்களைத் துரத்தும் விசைப்படகுகள் பற்றியும் நெடுங்காலக் கவலை உண்டு.

இரண்டாவது காரணம் உரிமை பற்றியது. மாசாய் குடும்பத்திடம் பட்டா இருந்தது, அதனால் பேரம் பேச முடிந்தது. கடலுக்குப் பட்டா இல்லை. காட்டில் வாழும் பழங்குடியினருக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இருக்கிறது. கடலை நம்பி வாழ்வோருக்கு அதற்கு ஈடான சட்டம் இல்லை. பாதுகாப்பகத்துக்குரிய மேலாண்மைக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் குழு அறிவுரை கூறும் குழுவே. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் மீன் விற்கும் பெண்களும் அதில் தனியே குறிப்பிடப்படவில்லை.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதிய அச்சமும் அல்ல. நம் மாவட்டத்தின் காடுகளில் பெரும்பரப்பு தைலமரத் தோட்டங்களாக மாறியபோது, நிலத்தடி நீர் வற்றுகிறது என்று உழவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டுவருகிறார்கள். மரம் வெட்டிய வருவாய் ஓரிடத்துக்கும், வறண்ட கிணறு வேறிடத்துக்கும் போயின என்பது அவர்கள் குறை. கடலில் அதையே திரும்பச் செய்யக்கூடாது.

என்ன செய்யலாம்?

முதலாவதாக, எந்தத் தங்குவிடுதிக்கும் இசைவு வழங்குமுன், இந்தக் கரையில் மொத்தம் எத்தனை அறைகள், எத்தனை சுற்றுலாப் படகுகள் என்ற உச்சவரம்பை அரசாணையாக வெளியிட வேண்டும். மசினகுடியில் விட்டுப்போனது இந்தப் படி. கடற்புல் படுகைகளின் மேல் சுற்றுலாப் படகுக்கு இடமே தரக்கூடாது.

இரண்டாவதாக, சுற்றுலாவை விலங்கின் மேல் கட்டாமல் ஊரின் மேல் கட்டலாம். சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா கோபுரம் அருகிலேயே இருக்கிறது. அங்கே பன்னாட்டுக் கடற்பசு பாதுகாப்பு மையம் அமைப்பதாக அரசு அறிவித்திருக்கிறது. உள்நாட்டில் சித்தன்னவாசலின் சமண ஓவியமும், நார்த்தாமலையும், திருமயம் கோட்டையும் உண்டு. திருமயத்தை அடுத்த கடியாபட்டியில் செட்டிநாட்டு மாளிகையான சிதம்பர விலாஸ் உயர்தர விடுதியாக இயங்குகிறது. ஆப்பிரிக்க முகாமுக்கு நிகராகச் செலவிட அணியமான பயணி ஏற்கெனவே நம் மாவட்டத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார். அவர் ஒரு நாள் கடற்கரைச் சிற்றூரில் உணவருந்தி, கடற்புல்லைப் பற்றி ஒரு மீனவர் வாயால் கேட்டுச் செல்லும்படி செய்தால் போதும். கடற்பசுவை அவர் காண வேண்டியதில்லை.

மூன்றாவதாக, பயணிகள் எண்ணிக்கையோடு ஏறி இறங்காத நிலையான தொகை ஒன்றைப் பாதுகாப்பகத்தை ஒட்டிய ஒவ்வொரு மீனவ ஊருக்கும் ஆண்டுதோறும் அரசு வழங்க வேண்டும். மாராவின் நல்ல கூறு இதுவே. அந்தத் தொகை குடும்பத் தலைவர் பெயரில் மட்டும் இல்லாமல், கரையில் மீன் விற்கும் பெண்களின் குழுக்களுக்கும் சேர வேண்டும். மாராவின் குறையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. வலையில் சிக்கிய கடற்பசுவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகை தந்து பாராட்டிவருகிறது. அறுந்த வலையின் முழு விலையும் ஒரு மாதத்துக்குள் கைக்கு வரும் என்ற உறுதி இருந்தால், விடுவிக்கும் கைகள் இன்னும் பெருகும்.

நான்காவதாக, வருவாயும் செலவும் ஆண்டுதோறும் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். பொதுவளங்களை அரசும் சந்தையும் மட்டுமே காக்க முடியும் என்ற எண்ணத்தை மறுத்து, மக்கள் குழுக்களாலும் முடியும் என்று நிறுவியதற்காகவே எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய குழுக்கள் நிலைப்பதற்கு அவர் கண்ட நிபந்தனைகளில், விதி வகுப்பதில் பயனாளிகளுக்குப் பங்கு இருப்பதும், கண்காணிப்போர் அவர்களுக்கே பொறுப்புடையோராய் இருப்பதும் அடங்கும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம். கடற்புல் படுகை வெறும் மேய்ச்சல் தரை அன்று. இறாலும் நண்டும் கணவாயும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்கி வளரும் இடம். அங்கே கடற்பசு மேய்வது, படுகை உயிரோடு இருப்பதன் அடையாளம். படுகை உயிரோடு இருந்தால் வலையில் மீன் இருக்கும். ஆப்பிரிக்கச் சமவெளியில் காட்டுயிரின் வருவாய் விமானத்தில் வரும் விருந்தினரிடமிருந்து வருகிறது. நம் கடலில் அதன் பெரும்பகுதி நாட்டுப்படகின் வலையிலேயே வரும். ஆகவே இங்கே செலவிடும் பணத்தைச் சுற்றுலாச் செலவாகக் கருதாமல், மீன்வள முதலீடாகக் கணக்கில் எழுத வேண்டும். அந்தக் கணக்கை எழுதும் மேசையில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் மீனவர்களுக்கும் நாற்காலி போடுவதே நாம் இப்போது செய்ய வேண்டிய முதல் வேலை.

(கட்டுரையாளர்: ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர், புதுக்கோட்டை)